தாச்சோ ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை

—இல்லைங்க தாச்சோ ஐயா, மறுபடியும் முதல்லேருந்து வருவோம். நான்தான் நீதிபதி. நீங்க சாட்சி நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க. சரியா? கோர்ட்டுல மாதிரி முழுப் பேரைச் சொல்லிக் கேக்கறேன். 'அனாஸ்தாசியோ ஐயா, உங்க உடம்பு எப்படி இருக்கு?'

—குத்துக்கல்லாட்டம் இருக்கேன் தாயி. கடவுள் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல.

—கேட்டீங்களா வக்கீலம்மா? இது ஆறாவது தடவை. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கும் அங்க போய் இதையேதான் சொல்லப் போறாரு. இவரு இங்க குத்துக்கல்லா நிப்பாரு, என்னைத் தூக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் வீசிடுவாங்க.

—ஒதிலியா, நீங்க கொஞ்சம் பொறுங்க. ஐயா, உங்களுக்கு எழுபத்தஞ்சு வயசு. சர்க்கரை இருக்கு, ரத்த அழுத்தம் இருக்கு, முட்டி ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. உள்ளதைச் சொல்லலாமே.

—வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதான தாயி. இதப் போயி ஒரு பெரிய மனுசன்கிட்ட சொல்லிக்கிட்டு.

—டாக்டர்கிட்டயும் இதே கூத்துதான் வக்கீலம்மா. அந்தம்மா 'எங்க வலிக்குது'ன்னு கேட்டா, இவரு 'உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேக்கறாரு. அவங்க குடுத்த கடிதத்தைப் படிங்க. ரெண்டாவது வரி.

—'நோயாளி தாம் காளை மாடு போல இருப்பதாகத் தெரிவிக்கிறார்.' ஆமா. பாத்தேன். இதை எப்படி நான் கோர்ட்டுல குடுக்கறது?

—ஏன், நல்லாத்தான எழுதியிருக்கு.

—ஐயா, சட்டம் என்ன சொல்லுதுன்னு இன்னொரு தடவை சொல்றேன், கேளுங்க. உங்ககிட்ட கிரீன் கார்டு இருக்கு. உங்க பொண்ணுகிட்ட ஒண்ணும் இல்ல. அவங்க சான் அந்தோனியோவுக்கு வந்து இருபத்து மூணு வருஷம் ஆச்சு, ஒரு வம்பு தும்புக்குப் போனதில்ல. அது மட்டும் பத்தாது. அவங்களை அனுப்பிட்டா உங்களுக்குத் தாங்க முடியாத கஷ்டம் வரும்னு நாம நிரூபிக்கணும். நிரூபிச்சா இருக்க விடுவாங்க. இல்லேன்னா மெக்சிகோவுக்கு அனுப்பிடுவாங்க. நாளைக்கு அவ்வளவுதான் விஷயம்.

—அப்ப என் கஷ்டம் வக்கீலம்மா? பத்தொம்பது வயசுல வந்தவ நான். அங்க எனக்குன்னு இருக்கறது எங்கம்மா கல்லறை ஒண்ணுதான். அதுவும் எந்த வரிசைன்னு மறந்து போச்சு.

—உங்க கஷ்டத்தைச் சட்டம் கேக்கவே இல்ல ஒதிலியா. உங்க அப்பாவோட கஷ்டத்தை மட்டும்தான் கேக்குது.

—இவருக்கு ஏது கஷ்டம்? இவரே ஒரு கஷ்டம்.

—அதுவும் சாதாரண கஷ்டமா இருந்தா ஆகாது. பொண்ணைப் பிரிஞ்சா எந்த அப்பாவும்தான் அழுவாரு. அது வழக்கமானது, தள்ளிடுவாங்க. வழக்கத்தை மீறின கஷ்டமா இருக்கணும்.

—அப்ப எவ்வளவு அழுவணும் தாயி?

—ஐயா.

—இல்ல, தெரிஞ்சிக்கிட்டாத் தேவலாம்னு கேட்டேன்.

—பக்கத்து வீட்டு எலோய்சா நல்ல யோசனையா ஒண்ணு சொன்னா வக்கீலம்மா. 'உங்கப்பாவைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டுப் போ, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கச் சொல்லு'ன்னா. அதுக்கு இவரு அவகூட பத்து நாள் பேசலை.

—பேசாததுதான் சரி. நடிப்பெல்லாம் வேண்டாம். ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சாங்கன்னா நூறு உண்மையும் சேர்ந்து போயிடும். ஐயா உண்மையைச் சொன்னாலே போதும்.

—நான் உண்மையத்தான சொல்றேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

—அய்யோ சாமி.

—நான் ஒண்ணு சொல்லட்டா தாயி? நாப்பது வருசம் குனிஞ்சு வெங்காயம் அறுத்தேன், முலாம்பழம் பறிச்சேன். திங்கக்கெழம 'முதுகு வலிக்குது'ன்னு சொன்னவன செவ்வாக்கெழம மேஸ்திரி வண்டியில ஏத்த மாட்டான். எத்தன பேரப் பாத்திருக்கேன் தெரியுமா? நல்ல நல்ல ஆளுங்க. 'எப்படிய்யா இருக்க'ன்னு கேட்டா 'குத்துக்கல்லாட்டம்'னு சொல்லணும். எங்க எல்லாருக்கும் சோறு போட்ட வார்த்த அது.

—அது மேஸ்திரி. இவர் நீதிபதி ஐயா.

—அந்த கிரீன் கார்டு அட்டையக் குடுத்தப்பவும் இப்படித்தான் ஒருத்தரு கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, பின்னாடி ஒரு கொடி. 'ஒடம்புல நோய் நொடி உண்டா, அரசாங்கத்துக்குப் பாரமா இருப்பியா'ன்னு கேட்டாரு. 'இல்ல சாமி'ன்னு சொல்லித்தான் அட்டைய வாங்கினேன். இப்பப் போயி 'நான் நோயாளி, எனக்கு ஆள் வேணும்'னா என்ன ஆவும்? 'அடப்பாவி, அன்னைக்குப் பொய்யா சொன்ன'ன்னு என்னுதையும் புடுங்கிக்குவாங்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்சுல போவ வேண்டியதுதான்.

—முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதுக்கு இப்ப யாரும் எதையும் புடுங்க மாட்டாங்க. நான் சத்தியம் பண்றேன்.

—சத்தியம் பண்ற வக்கீல நான் இப்பத்தான் பாக்கறேன்.

—அப்பா, எனக்காக ஒரே ஒரு தடவை 'வலிக்குது'ன்னு சொல்லுங்க. இப்ப, இங்க. சொல்லிப் பழகுங்க.

—எங்க வலிக்குதுன்னு சொல்றது?

—எங்க வேணா சொல்லுங்க.

—எங்கயும் வலிக்கலியே புள்ள.

—எனக்குப் பயமா இருக்குப்பா. உங்களுக்கு அது புரியுதா இல்லையா? பொட்டியில எதை எடுத்து வைக்கறதுன்னுகூட நான் யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். துணியைப் பாக்கறேன், அங்க குளிருமா சுடுமான்னு எனக்கே தெரியல. நீங்க என்னடான்னா பெருமை பேசிட்டு உட்கார்ந்திருக்கீங்க.

—அழுவாத. கண்ணத் தொட. போ, போயி ஆளுக்கொரு காப்பி வாங்கியா.

—வாங்கிட்டு வரேன். உங்களுக்குச் சர்க்கரை கிடையாது. இனிப்பு ரொட்டியும் கிடையாது, கேக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கீழ ஒரு வயர் கெடக்கு, தடுக்கிடும்.

—சரி சரி.

—வாயில சரி, எந்திரிச்சு நடமாடறது. வக்கீலம்மா, கொஞ்சம் பாத்துக்கங்க.

—பாத்துக்கறேன் ஒதிலியா. நீங்க போயிட்டு வாங்க.

—போயிட்டாளா தாயி?

—போயிட்டாங்க ஐயா.

—பாத்தியா? நாப்பத்திரெண்டு வயசுப் பொம்பள, எழுவத்தஞ்சு வயசு ஆம்பளைய எப்படி மேய்க்கறா பாத்தியா? சக்கரை கெடையாதாம். வயர் கெடக்குதாம். எனக்குத் தெரியாதா வயர் கெடக்கறது?

—வீட்டுலயும் இப்படித்தானா?

—வீட்டுலயா? உக்காரு தாயி, சொல்றேன். உப்பு டப்பாவ ஒளிச்சு வச்சிருக்கா. ரெண்டு வருசமாத் தேடறேன், கெடைக்கல. பீன்ஸ வேக வச்சுக் குடுப்பா, அதத் தின்னா கழுவுன துணியத் தின்ன மாதிரி இருக்கும். சோள ரொட்டி ரெண்டுதான். மூணாவதுக்குக் கைய நீட்டினா தட்டு இருக்காது. காலையில முழிச்சதும் காப்பிக்கு முன்னாடி என் விரலப் புடிச்சு ஊசியால குத்தறா. எந்தப் புள்ளயாவது அப்பன் விரலக் குத்துவாளா?

—ஐயா, ஒரு நிமிஷம்.

—குளிக்கப் போனா கதவுக்கு வெளிய காவலுக்கு நிக்கறா தாயி. போலீசு மாதிரி.

—ஐயா, நிறுத்துங்க. இதை நாளைக்குச் சொல்வீங்களா?

—எத?

—இதையேதான். உங்க பொண்ணு உங்களைப் படுத்துற பாட்டை.

—நீதிபதி முன்னாடி என் புள்ளயவே நான் குத்தம் சொல்றதா? அவரு கோவத்துல அவள ஒடனே அனுப்பிட மாட்டாரு?

—மாட்டாரு. உங்க உடம்பைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். அவங்களைப் பத்தி மட்டும் கேக்கறேன். உங்களுக்கு என்ன மனக்குறையோ அதை அப்படியே கொட்டுங்க.

—அவளப் பத்தின்னா சாயங்காலம் வரைக்கும் பேசலாம்.

—சாயங்காலம் வரைக்கும் வேண்டாம், அரை மணி போதும். ஆனா ஒண்ணு, அந்தக் குத்துக்கல்லு மட்டும் நாளைக்கு வேண்டாம்.

—அதெப்படி தாயி, ஒருத்தர் நலம் விசாரிச்சா மரியாதைக்குச் சொல்லணுமில்ல.

—அதனாலதான் நான் நலமே விசாரிக்க மாட்டேங்கறேன்.

—இந்தாங்க காப்பி. என்ன, நான் இல்லாதப்ப ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

—உன்னப் பத்தித்தான் புள்ள.

—நல்லதாவா?

—வக்கீல் தாயி கேட்டுச்சு, உள்ளதச் சொன்னேன்.

*

—எல்லாரும் உட்காரலாம். பெரியவரே, காதுல மாட்டியிருக்கறதுல மொழிபெயர்ப்பு கேக்குதா? நல்லது. உண்மையைச் சொல்றதா உறுதி எடுத்திருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். எப்படி இருக்கீங்க?

—குத்துக்கல்லாட்டம் இருக்கேன் நீதிபதி ஐயா. கடவுள் புண்ணியம். உங்களுக்கு ஒடம்பு எப்படி?

—எனக்கா? பரவாயில்ல. பன்னிரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், இங்க யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல. வக்கீலம்மா, ஏன் தலையில கையை வச்சுக்கறீங்க? ஆரம்பிங்க.

—நன்றி, கனம் நீதிபதி அவர்களே. தாச்சோ ஐயா, உங்க பொண்ணு ஒதிலியா உங்ககூட எத்தனை வருஷமா இருக்காங்க?

—அவ எங்கூட இல்ல தாயி. நான்தான் அவகூட இருக்கேன். அந்த வீட்டுல என் பேச்சு எடுபடறதில்ல.

—எதுல எடுபடறதில்ல?

—எதுலதான் எடுபடுது? உப்புல இல்ல, சக்கரையில இல்ல. ஊசி நானே போட்டுக்குவேன், விட மாட்டேங்கறா.

—ஏன் விட மாட்டேங்கறாங்க?

—ஒரு தடவ அளவு கொஞ்சம் கூடிப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அந்த ஊசியில கோடு போட்டிருக்கான் பாருங்க, எறும்புக் காலு மாதிரி. கம்பெனிக்காரன் தப்பு அது.

—அளவு கூடினப்ப என்ன ஆச்சு?

—ஒண்ணும் ஆவல. கடைக்குப் போயிருந்தோம். அங்க படுத்தேன்.

—கடையிலயா படுத்தீங்க?

—தக்காளி அடுக்கியிருக்கற பக்கம். விழுவல. படுத்தேன்.

—எவ்வளவு நேரம் படுத்திருந்தீங்க?

—அது எனக்கு எப்படித் தெரியும்? முழிச்சப்ப ஆஸ்பத்திரியில இருந்தேன். இவ தலைமாட்டுல உக்காந்து திட்டிக்கிட்டு இருந்தா. அழுதுக்கிட்டே திட்டறா, நர்சம்மா சிரிக்குது, எனக்கு மானமே போச்சு. அப்புறம் நகம் வெட்டறத கேளுங்க. காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, குதிரைக்கு லாடம் அடிக்கற மாதிரி ஒரு புடி புடிப்பா. விரலுக்கு விரல் தடவிப் பாப்பா, புண்ணு இருக்கான்னு. என் காலு புண்ணு எனக்குத் தெரியாதா?

—கொஞ்சம் நில்லுங்க பெரியவரே. மொழிபெயர்ப்பாளர் ஒண்ணை முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த குறைக்குப் போயிடறீங்க. சரி, இப்ப சொல்லுங்க. குளிக்கற விஷயம் ஏதோ இருக்குன்னு உங்க வக்கீல் எழுதியிருக்காங்க.

—அதையும் எழுதிட்டியா தாயி? சரி. பாடிக்கிட்டேதான் குளிக்கணும்னு சட்டம் போட்டிருக்கா ஐயா. பாட்டு கேட்டா நான் உசிரோட இருக்கேன்னு அர்த்தமாம். பாட்டு நின்னா கதவ ஒடைப்பா.

—உடைச்சிருக்காங்களா ஐயா?

—ரெண்டு தடவ தாயி. ஒரு தடவ சோப்பு வாயில போயிடுச்சு, பாட முடியல. துண்டுகூட இல்லாம நிக்கறேன், கதவோட வந்து விழறா.

—இன்னொரு தடவை?

—அப்ப கீழ கெடந்தேன்.

—படுத்திருந்தீங்களா?

—இல்ல தாயி. அது விழுந்தேன்.

—அப்பா, அன்னைக்கு ரத்தம்...

—சாட்சி பேசும்போது நீங்க குறுக்க பேசக் கூடாதும்மா.

—மன்னிக்கணும் ஐயா.

—பாத்தீங்களா நீதிபதி ஐயா? இங்கயும் விட மாட்டேங்கறா.

—தாச்சோ ஐயா, உங்களுக்கு ஒரு மகன் இருக்கார் இல்லையா? சிகாகோவுல. அவர் உங்களைப் பாத்துக்க மாட்டாரா?

—ரூபென் தங்கமான புள்ள தாயி. ஒரு தொந்தரவு குடுக்க மாட்டான். வருசத்துக்கு ஒரு தடவ கிறிஸ்துமசுக்கு போன் பண்ணுவான். 'எப்படிப்பா இருக்கீங்க'ம்பான். 'குத்துக்கல்லாட்டம்'ம்பேன். நம்பிக்குவான், வச்சிடுவான். இவகிட்ட அதே வார்த்தையச் சொல்லிப் பாருங்க, 'விரலக் குடுங்க'ம்பா.

—வேற என்ன குறை?

—என் காயிதத்தையெல்லாம் அவதான் பிரிச்சுப் படிக்கறா. எம் பேருக்கு வந்த காயிதம்.

—நீங்களே படிக்கலாமே.

—வீட்டுல வெளிச்சம் பத்தல தாயி.

—நன்றி ஐயா. நான் கேக்க வேண்டியது அவ்வளவுதான்.

—அரசாங்க வக்கீல்? கேள்வி இல்லையா? சரி, அப்ப நான் ரெண்டு கேள்வி கேக்கறேன். பெரியவரே, நீங்க சொன்னது எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். ஒரு பக்கம் நிறைய இருக்கு. இவ்வளவு தொல்லை பண்ற பொண்ணு போயிட்டா உங்களுக்கு நல்லதுதானே? என்ன கெடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

—உப்பு கெடைக்கும் ஐயா.

—வேற?

—வேற ஒண்ணும் கெடைக்காது.

—ம். ஆனா தனியாச் சமாளிக்கற தெம்பு உங்களுக்கு இருக்கு. வண்டிகூட ஓட்டறீங்கன்னு இந்தக் கோப்புல இருக்கு.

—ஓட்டறேன். நல்லா ஓட்டறேன். லைசென்ஸ் இருக்கு. அவளுக்குத்தான் இல்ல, அட்டை இல்லாதவங்களுக்கு இந்த ஊர்ல குடுக்க மாட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி லைசென்ஸ் இல்லாம ஓட்டினான்னு போலீசு புடிச்சதுலதான இந்த வம்பெல்லாம் வந்துச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன், 'இனி நீ ஸ்டீரிங்கத் தொடாத புள்ள, எங்க போறதா இருந்தாலும் நான் கொண்டுபோயி விடறேன்'னு. தெனம் வேலைக்குக் கொண்டுபோயி விடறேன், கூட்டிட்டு வரேன். இன்னைக்கு இங்க வந்ததும் நான் ஓட்டித்தான்.

—கனம் நீதிபதி அவர்களே, இது வந்து...

—உட்காருங்க வக்கீலம்மா. அவரே சொல்லட்டும். அப்ப வண்டியிலயாவது உங்களுக்கு நிம்மதியா, பெரியவரே? அங்க நீங்கதானே ராஜா.

—எங்கய்யா நிம்மதி. வண்டியிலதான் ரொம்ப மோசம். ஏறி உக்காந்ததுலேர்ந்து வாயே மூட மாட்டா. 'அப்பா சிவப்பு. அப்பா பச்சை வந்திருச்சு. அப்பா இடது பக்கம் ஸ்கூல் பஸ். அப்பா ஒரு நாய், மெதுவா, மெதுவா.' போறப்பவும் அதே, வர்றப்பவும் அதே.

—எரிச்சலா இருக்குமே. பேசாம வான்னு சொல்லலாமே?

—அதெப்படிங்கய்யா சொல்றது. போன மார்கழிக் குளிர்ல அவளுக்கு ரெண்டு நாள் தொண்ட கட்டிக்கிச்சு. சத்தமே வரல. நான் வண்டிய எடுக்கல.

—எடுக்கலையா?

—ரெண்டு பேரும் பஸ்சுலதான் போனோம்.

—அப்பா? வண்டி பழுதுன்னுதானே சொன்னீங்க?

—அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம் புள்ள.

—பெரியவரே. பெரியவரே, நான் இங்க இருக்கேன், இந்தப் பக்கம் திரும்புங்க. நான் கையைத் தூக்கிக் காட்டறேன். எத்தனை விரல்?

—ஒதிலியா, எத்தன விரலு புள்ள?